தோம்பு பார்க்கப் போன இடத்தில்: ஒரு கொழும்பு நாட்குறிப்பு

ஞாயிறு, வெள்ளவத்தை

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனைச் சுற்றுலா அனுப்பினாலும் அவன் பழைய பதிவேட்டைத்தான் தேடிப் போவான் என்று என் வீட்டில் கேலி செய்கிறார்கள். சிகிரியாவுக்கும் கண்டிக்கும் போகாமல் நான் கொழும்புக்கு வந்திருப்பது தோம்பு பார்க்கத்தான். போர்த்துக்கீசர் தொடங்கி, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஒழுங்குபடுத்தி எழுதிவைத்த ஏடுகள் அவை. தலைத் தோம்பில் குடும்பம் குடும்பமாக ஆட்களும், காணித் தோம்பில் நிலமும் மரமும் இருக்கும். நம் ஊர் 'அ' பதிவேட்டுக்கும் அடங்கலுக்கும் மூத்த உறவு என்று சொல்லலாம்.

மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்க விமான நிலையம். அங்கிருந்து வெள்ளவத்தை வந்து சேரத்தான் அதைவிட நேரம் பிடித்தது. ஜூன் மாத மழை. காலி வீதியின் நகைக்கடை, புடவைக்கடைப் பலகைகளில் நம் எழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த முதுகு நிமிர்ந்தது.

நண்பருக்கு உறவினரான ஒரு கணக்காளர் வீட்டில் மாடி அறை கிடைத்திருக்கிறது. எழுபதைத் தாண்டியவர். அறுபத்திரண்டு வயதான என்னைத் 'தம்பி' என்று கூப்பிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரவு இடியப்பமும் சொதியும் பரிமாறிய மேசையின் ஓரத்தில் ஒரு படிவம் கிடந்தது. தொழில் புத்தி, கை நீண்டுவிட்டது. பீ.சி. படிவம். கிராம சேவையாளர் கொடுத்து நிரப்பி வாங்குவது, தேருநர் இடாப்புக்கானது; நம் ஊரில் வாக்காளர் பட்டியல் என்போம். வீட்டில் யார் யார், வயது, அடையாள அட்டை எண் எல்லாம் எழுத வேண்டும்.

"நாளைக்கு எழுதலாம்" என்று பெரியவர் அதை நகர்த்தி வைத்தார்.

"இப்படித்தான் தம்பி, கடைசி நாள் வரைக்கும் தள்ளிப் போடுவார்" என்றார் அம்மா. "பேத்தியை முதலாம் வகுப்பில் சேர்க்க இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். நான்தான் பேனாவைத் திறந்து கையில் கொடுக்க வேண்டும்."

ஏன் தள்ளிப் போடுகிறார் என்று நான் கேட்கவில்லை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தாக்க வந்த கும்பல்களின் கைகளில் இந்த இடாப்பின் பிரதிகள் இருந்தன என்று படித்திருக்கிறேன்.

திங்கள், சுவடிகள் கூடம்

கறுவாத்தோட்டப் பக்கம், பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது தேசியச் சுவடிகள் கூடம். அனுமதி, கையொப்பம், பையை வெளியே வை, பேனா கூடாது, பென்சில் மட்டும். இந்தக் கெடுபிடி எனக்குப் பிடிக்கும். ஏட்டை மதிக்கிற இடத்தில்தான் கெடுபிடி இருக்கும்.

ஒரு தொகுதியைக் கண்ணில் காட்டினார்கள். பழுப்பு மை தாளை அரித்துவிட்டது. சில இடங்களில் எழுத்து உதிர்ந்துபோய், அதே வளைவும் கொம்புமாக ஓட்டை மட்டும் நிற்கிறது. பின்பக்கத் தாள் அதன் வழியே தெரிகிறது. எனக்கு டச்சு தெரியாது. பக்கத்து மேசையில் இருந்த ஆய்வாளர் ஒருவர் இரக்கப்பட்டு விரலால் காட்டினார்: குடும்பத் தலைவன் பெயர், சாதி, அவன் செய்ய வேண்டிய ஊழியம், மனைவி, பிள்ளைகள், வயது. காணித் தோம்பில் தென்னை இத்தனை, பலா இத்தனை, கமுகு இத்தனை. மரம் எண்ணிய கை யாருடையதோ, நேர்த்தியான கை. என் காலத்தில் இப்படி ஒரு கிராமக் கணக்கு என் மேசைக்கு வந்ததே இல்லை.

வரி வாங்கவும் ஊழியம் வாங்கவும் எழுதியது இது. ஆனால் ஏடு எழுதியவனோடு நிற்பதில்லை. அடுத்து வருகிறவன் அதை எதற்கு விரிப்பான் என்று எழுதும்போது தெரியாது. ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நெதர்லாந்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆளுக்கு ஓர் அட்டை என்று மக்கள் பதிவு கச்சிதமாக இருந்தது. அதில் மதத்துக்கும் ஓர் இடம். 1940இல் ஜெர்மானியர் உள்ளே வந்தபோது புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1941இல் யூதர்கள் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. பெரும்பாலோர் வரிசையில் நின்று பதிந்தார்கள். சட்டத்தை மதித்து நடந்து பழகிய மக்கள். ஏறத்தாழ 1,40,000 பேரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நான்கில் மூன்று பங்கு. பிரான்சில் அது நான்கில் ஒரு பங்கு. இந்த வேறுபாட்டுக்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். அட்டைப் பெட்டி அவற்றில் ஒன்று.

1943 மார்ச் 27 இரவு ஆம்ஸ்டர்டாமின் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் போலீஸ் உடையில் ஒரு குழு நுழைந்தது. தலைமை தாங்கியவர்களில் ஒருவர் வில்லெம் அரோண்டேயஸ் என்ற ஓவியர். காவலர்களுக்கு மயக்க ஊசி போட்டு வெளியே கிடத்திவிட்டு, அட்டைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். தீயணைப்புப் படையினரும் விஷயம் புரிந்தவர்கள்: மெதுவாக வந்தார்கள், வந்த பிறகு தேவைக்கு மேல் தண்ணீரைப் பீய்ச்சி, தீயில் தப்பிய அட்டைகளையும் ஊற வைத்தார்கள். அப்படியும் அழிந்தது ஒரு பகுதிதான். அரோண்டேயஸ் உட்படப் பன்னிரண்டு பேரை அந்த ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள்.

பணிக்காலம் முழுவதும் ஆவண அறைக்கு எலி வராமல், கரையான் வராமல், தீ வராமல் காத்தவன் நான். பதிவறையைக் கொளுத்தியவனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது இந்த ஒரு முறைதான்.

செவ்வாய், பொரளை

காலையில் ஆட்டோ பிடித்துக் கனத்தைக்குப் போனேன். பெரிய மயானம், பெரிய மரங்கள், வாசலில் மலர்வளையம் கட்டி விற்கிறார்கள். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்தனர். அவர்களை மொத்தமாக இங்கே அடக்கம் செய்வதென்று 24ஆம் தேதி ஏற்பாடு. உடல்கள் வரத் தாமதமாகக் கூட்டம் பெருத்துக் கொந்தளித்தது. அன்று இரவே பொரளையில் தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. மறுநாள் நகரம் முழுவதும்.

பேஸ்லைன் வீதியில் வெலிக்கடைச் சிறை. 25ஆம் தேதி உள்ளே 35 தமிழ்க் கைதிகள், ஒரு நாள் விட்டு 27ஆம் தேதி மேலும் 18 பேர், சக கைதிகளின் கைகளால் கொல்லப்பட்டார்கள். டெலோ இயக்கத் தலைவர்களான குட்டிமணி, தங்கத்துரை இருவரும் முதல் நாளிலேயே. முதல் நாள் நடந்ததைத் தற்செயல் என்று வாதிடலாம். இரண்டாம் நாளுக்கு என்ன சொல்வது? பூட்டிய சாவி அரசின் கையில். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 'கைதிகளும் மனிதர்களே' என்று மதில் சுவரில் எழுதியிருக்கிறார்கள். ஆட்டோவை நிறுத்திப் படித்தேன். ஓட்டுநர் நான் எதைப் படிக்கிறேன் என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அவராகவே பேசினார். தமிழ் பேசும் முஸ்லிம், வளர்ந்தது புத்தளத்தில். "எங்கள் உம்மாவுக்கு யாழ்ப்பாணம், சோனகத் தெரு. 1990 அக்டோபரில் இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியே போகச் சொன்னார்கள். காதில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்களாம்." சொன்னது சிங்கள அரசை அல்ல, புலிகளை. வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் இப்படித் துரத்தப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் பொரளையை மட்டும் எழுதிப் போட்டால் என் நாட்குறிப்பும் ஒரு கட்சிப் பத்திரிகை ஆகிவிடும்.

மாலையில் பெரியவர் தேநீரோடு மாடிக்கு வந்தார். எங்கே போனேன் என்று அம்மா சொல்லியிருப்பார் போலிருக்கிறது. உட்கார்ந்து கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

"அப்போது நாங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகைக்கு இருந்தோம், தம்பி. வீட்டுக்காரர் சிங்களவர். வந்தவர்கள் வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. அலுமாரி, கட்டில், தையல் மெஷின், அப்பாவின் புத்தகங்கள் எல்லாவற்றையும் வெளியே இழுத்து ஒழுங்கை நடுவில் போட்டுக் கொளுத்தினார்கள். சுவரில் ஒரு கரி படவில்லை. அடுத்தது மாமாவின் சொந்த வீடு. அது கூரையோடு போனது."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேருநர் இடாப்பில் குடியிருப்பவர் பெயர்தான் இருக்கும். உரிமையாளர் பெயர் இருக்காது. தமிழர் குடியிருக்கும் சிங்களவர் வீடு எது, தமிழரின் சொந்த வீடு எது என்று பிரிக்க இடாப்பு போதாது. மாநகர சபையின் வரி ஏடு போன்ற இன்னொன்று வேண்டும். அல்லது அந்த ஒழுங்கையிலேயே தினமும் நடமாடும் ஒருவர் வேண்டும். இதைச் சொன்னேன்.

"இரண்டும் இருந்திருக்கும்" என்றார் பெரியவர்.

பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அங்கிருந்து சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை. தமக்கை அங்கிருந்து கனடா. இவர் மட்டும் வேலைக்காகத் திரும்பி வந்தார். இறந்தவர்கள் சில நூறு என்றது அரசு; மூவாயிரம் வரை என்கின்றன மற்ற மதிப்பீடுகள். ஏறத்தாழ 8,000 வீடுகள், 5,000 கடைகள். ஜூலை 28 அன்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசிய ஜனாதிபதி ஜெயவர்தன, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆகஸ்டில், தனிநாடு கோருவதைத் தடை செய்து அரசியலமைப்பில் ஆறாவது திருத்தம் வந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். பேசிப் பார்க்கலாம் என்றவர்களின் நாற்காலி போனதும் துப்பாக்கி தூக்கியவர்களிடம் இளைஞர்கள் அணி அணியாகச் சேர்ந்தார்கள். சர்வதேச நீதிபதிகள் ஆணைக்குழுவுக்காக ஆராய்ந்த பால் சீகார்ட், இது தன்னிச்சையாக வெடித்த ஆத்திரம் அல்ல, முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி நடந்தது என்று 1984இல் எழுதினார். 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். இருபத்தொரு வருடம் கழித்து.

புதன், மழை

துவைத்த சட்டை காயவில்லை. 57ஆவது ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி, பழைய புத்தக வாசனை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வேறென்ன வேண்டும்?

இனப்படுகொலை என்றதும் கூட்டமும் கத்தியும் கண்முன் வருகின்றன. படிக்கப் படிக்க எனக்குத் தெரிவது அலுவலகம். 1904இல் இன்றைய நமீபியாவில் ஹெரேரோ மக்களை ஒழிக்க ஜெர்மானியத் தளபதி வான் ட்ரோத்தா ஆணையிட்டார். ஒமாகெக்கே பாலைக்குள் துரத்தி நீர்நிலைகளை அடைத்தார்கள். மிஞ்சியவர்களுக்கு 1907இல் ஒரு விதி: ஏழு வயதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் எண் பொறித்த உலோக வில்லை அணிய வேண்டும். 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனியப் பெரியமனிதர்களைப் பெயர்ப் பட்டியலோடு வந்து பிடித்துப் போனார்கள். மக்களைச் சிரியப் பாலைக்கு நடத்தினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடு, கடை, பாத்திரங்களுக்குக் 'கைவிடப்பட்ட சொத்து' என்று பெயர் சூட்டிக் கணக்கெடுக்கக் குழுக்கள் அமைத்தார்கள். உயிரை விடச் செம்பு அண்டாவுக்கு ரசீது சுத்தமாக இருந்திருக்கிறது!

ருவாண்டாவில் ஹூட்டு, டூட்சி என்று அட்டையில் எழுதும் வழக்கத்தை 1930களில் கொண்டு வந்தது பெல்ஜிய நிர்வாகம். அறுபது ஆண்டு கழித்து அதே அட்டையைச் சாலைத் தடுப்பில் நீட்டியவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். 1994 ஜனவரி 11 அன்றே ஐ.நா. படைத்தலைவர் டலேர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார்: கிகாலியில் டூட்சிகள் அனைவரையும் பதிவு செய்யத் தனக்கு உத்தரவு வந்திருப்பதாக உள்ளாள் ஒருவர் சொல்கிறார், அழிப்பதற்காக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்படுகிறார். ஆயுதக் கிடங்கைச் சோதனையிட அனுமதி கேட்டார்; கிடைக்கவில்லை. ஏப்ரல் தொடங்கி நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். படையைக் கூட்ட வேண்டிய நேரத்தில் 270 பேராகக் குறைக்கத்தான் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. பின்விளைவைத் தீர்க்க நீதிமன்றங்கள் போதவில்லை. கச்சாச்சா என்ற ஊர்ப் பஞ்சாயத்துகளில் 2012 வரை ஏறக்குறைய இருபது லட்சம் வழக்குகளை விசாரித்தார்கள்.

வியாழன், காலிமுகத்திடல்

வெயில் வந்துவிட்டது. பழைய நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளி, கடல், இஸ்ஸோ வடை, பட்டம் விடும் பிள்ளைகள். 1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் உள்ளே வந்தபோது, தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் இதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கூட்டம் அடித்தது. போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு 1958, 1977 கலவரங்கள், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்கள், 1983. ஒவ்வொன்றுக்கும் தண்டனை இல்லாததுதான் அடுத்ததற்கு முன்பணம்.

என் உறவுக்காரப் பையன் ஒருவன் 'பழைய பகைதான் காரணம்' என்று சொல்வான். பழைய பகை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. எல்லா ஊரும் எரிவதில்லை. ஆட்டோமன் அரசு பால்கன் நிலங்களை இழந்து, 1915 தொடக்கத்தில் சரிகமிஷில் படையையும் தொலைத்திருந்தது. ஜெர்மனியில் தோற்ற போரும் 1929க்குப் பிந்தைய வேலையின்மையும். ருவாண்டாவில் காப்பி விலை சரிந்து, 1990 முதல் உள்நாட்டுப் போர். தோற்றுக்கொண்டிருக்கும், பயந்துபோன அரசு ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்மேல் கண் வைத்த சிலர் வேண்டும். போனமுறை யாரும் சிறைக்குப் போகவில்லை என்ற தைரியம் வேண்டும். இவை கூடும் நாளில் அலமாரியில் ஏடு தயாராக இருக்கிறது.

மாடியில் எனக்கு அடுத்த அறையில் குடியிருக்கும் வழக்கறிஞர்ப் பெண் மாலையில் இங்கே வந்து சேர்ந்துகொண்டார். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், புதுக்கடை நீதிமன்றத்தில் தொழில். 2022 போராட்டத்தின்போது மே 18 அன்று இந்தத் திடலில், 2009 போரின் கடைசி நாட்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததையும், சிங்கள இளைஞர்கள் வாங்கிக் குடித்ததையும் சொன்னார். முள்ளிவாய்க்காலில் நடந்ததை இனப்படுகொலை என்று சொல்லலாமா என்று நேராகவே கேட்டேன்.

"எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஐயா. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, கடைசிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்ளக அறிக்கை எழுபதாயிரம் வரை என்றது. வடமாகாண சபை 2015இல் இனப்படுகொலை என்று தீர்மானமே போட்டது. அரசு மறுக்கிறது. சட்டத்தில் எண்ணிக்கையைவிட நோக்கம்தான் கஷ்டம். ஓர் இனத்தை, மதத்தை, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று காட்ட வேண்டும். பொஸ்னியாவில் எவ்வளவோ நடந்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலை என்று ஏற்றது ஸ்ரெப்ரெனிட்சாவை மட்டும்தான். கம்போடியாவில் பதினேழு லட்சம் பேர் இறந்தும், அந்தக் குற்றத்துக்குத் தீர்ப்பு வந்தது சாம் முஸ்லிம்களுக்கும் வியட்நாமியருக்கும் செய்ததற்காக. அரசியல் எதிரிகளை 1948 உடன்படிக்கை சேர்த்துக்கொள்ளவில்லை."

அந்த உடன்படிக்கையில் இலங்கை 1950லேயே சேர்ந்துவிட்டது. மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது. இதை நான் சொல்ல, அவர் சிரித்தார். "எங்கள் அப்பாயியைக் கேட்டால் எந்த ஆண்டு எது என்று வரிசையாகச் சொல்லுவார்."

வெள்ளி, கிளம்பும் நாள்

பெரியவர் படிவத்தை நிரப்பிவிட்டார். அம்மாவிடம் கேட்டு ஒரு முறை பார்த்தேன். கணக்காளர் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை.

காலை உணவின்போது 2007 ஜூன் 7 பற்றிப் பேச்சு வந்தது. அன்று விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். விடுதியில் தங்குபவர் பெயரைப் போலீசில் பதிய வேண்டிய காலம் அது; ஆளைத் தேட வேண்டிய சிரமமே இல்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் (நம் ஊர் உச்ச நீதிமன்றம் போன்றது) தடை விதித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வழக்கறிஞர் என்னை விமான நிலைய பஸ் வரை கொண்டு விட வந்தார். இந்த நாட்டில் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனத்தை எழுதும் கட்டம் ஒன்று உண்டு. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சிங்களவர் என்று. அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ருவாண்டா எடுத்துவிட்டதே!

"நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஐயா. 1948இல் எங்களை நீக்கினார்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 2003இல் சட்டம் போட்டு மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வாங்க முடிந்தது எப்படி? எத்தனை பேர் விடுபட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கை காட்டித்தான். தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று நாளைக்கு நான் கேட்டால், கட்டம் இல்லை, கணக்கும் இல்லை என்பார்கள்."

"மொத்தக் கணக்கு இருக்கட்டும் அம்மா. கதவு எண்ணோடும் பெயரோடும் வேண்டாம் என்கிறேன்."

"மொத்தத்தை எப்படிக் கூட்டுவீர்கள்? கதவைத் தட்டித்தானே?"

கூட்டிய பிறகு தாளைக் கொளுத்திவிடலாம் என்றேன். தாசில்தார் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது. மறு தேதியில் வாதம் தொடரும் என்று நீதிமன்ற பாணியில் அறிவித்துவிட்டுப் புதுக்கடைக்கு ஆட்டோ பிடித்தார். அவருக்குப் பத்து மணிக்கு வழக்கு இருந்தது.